யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் போன்ற சிற்றூரிலிருந்து ‘ஈழகேசரி’ வார இதழ் 28 ஆண்டுகள் எப்படி வெளிவந்தது?

இந்தக் கேள்விக்கு வந்திருக்கும் பதில்கள் சந்தா, விளம்பரம், வாசகர் ஆதரவு என்றே பேசுகின்றன. அவையும் உண்மைதான். ஆனால் நான் அச்சுத் தொழிலாளி. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஈய எழுத்துக் கோத்துத் தொழில் பழகியவன். என்னைக் கேட்டால், அந்தப் பத்திரிகையைச் சுமந்தது அதன் அச்சகம்தான் என்பேன்.

குரும்பசிட்டியைச் சேர்ந்த நா. பொன்னையா 1930 ஜூன் 22 அன்று ஈழகேசரியைத் தொடங்கினார். அது 1958 வரை வெளிவந்தது. அவருக்குச் சுன்னாகத்தில் தனலக்குமி புத்தகசாலையும் திருமகள் அழுத்தகமும் இருந்தன. புத்தகக் கடை, அச்சகம், பத்திரிகை மூன்றும் ஒரே கையில். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

ஏன் வார இதழ்? அதே 1930 ஆகஸ்டில் இங்கே கொழும்பில் வீரகேசரி நாளிதழ் தொடங்கியது. 1932 இல் தினகரன் நாளிதழும் வந்தது. காங்கேசன்துறை ரயில் பாதை 1905 இலேயே முழுமை பெற்றுவிட்டது, சுன்னாகத்திலும் நிலையம் உண்டு. கொழும்புச் செய்தி ரயிலேறி வரும் ஊரில் உள்ளூர் அச்சகம் நாளிதழோடு ஓடிப் பயனில்லை. அதைவிடப் பெரிய காரணம் எழுத்துப் பெட்டி.

ஆங்கிலம் கோப்பவருக்குச் சிறிய எழுத்து 26, பெரிய எழுத்து 26, சில குறிகள் போதும். தமிழில் உகர ஊகார எழுத்துகளுக்கு மட்டுமே 36 வடிவங்கள். இகர ஈகாரத்துக்கு இன்னொரு 36. உயிர், மெய், அகரமேறியவை, கால், கொம்பு, கிரந்தம் என்று சேர்த்தால் நூற்றுக்கும் மேலான அறைகள். பழைய முறையில் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் தனி வார்ப்பு. கோப்பவர் இடக்கையில் ஸ்டிக் எனும் எழுத்துக் கோக்கும் சிறு தட்டைப் பிடித்து, பெட்டியைப் பார்க்காமலே வலக்கையால் எடுத்துத் தலைகீழாக அடுக்குவார். பிறகு புரூவ் என்னும் சோதனைப் பிரதி எடுத்துப் பிழை திருத்தி, சட்டத்தில் இறுக்கி இயந்திரத்தில் ஏற்ற வேண்டும்.

வெளியார் அறியாத பாதி வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். அச்சான பக்கத்தின் எழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றாக அதனதன் அறைக்குப் பிரித்துப் போட வேண்டும். சிறிய அச்சகத்திடம் சில பக்கங்களுக்குப் போதுமான எழுத்தே இருக்கும். பிரிக்காமல் அடுத்த பக்கம் கிடையாது. எங்கள் அச்சகத்தில் ‘ம்’ தீர்ந்துவிட்டால், கோத்து முடித்த பக்கத்தை உடனே அச்சேற்றிப் பிரிக்கச் சொல்வார் மாஸ்டர். அதுவரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். இந்தக் கணக்கில் கிழமைக்கு ஒரு பத்திரிகை என்பதே ஓர் ஊர் அச்சகத்துக்குப் பெரிய சாதனை.

இனிப் பணம். பத்திரிகைப் பணம் ஏஜெண்டுகளிடமிருந்து மெதுவாக வரும், சில நேரம் வராது. சில்லறை வேலைக்கு அப்படியில்லை. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், பாடசாலைத் தேவைகள் எல்லாம் கையில் காசு. எல்லாவற்றிலும் உறுதியானது கல்வெட்டு. யாழ்ப்பாணத் தமிழர் வீட்டில் ஒருவர் இறந்தால் 31 ஆம் நாளுக்கு நினைவு மலர் கொடுப்பார்கள், அதைத்தான் கல்வெட்டு என்போம். தேவாரம், குடும்ப வரலாறு, புலம்பல் வெண்பா, பிளொக் எனும் அச்சுக்கட்டையால் அடித்த புகைப்படம் எல்லாம் அதில் உண்டு. அந்த நாளைத் தள்ளிவைக்க முடியாது, ஆகவே வேலையும் நிற்காது, பணமும் நிற்காது. வெள்ளவத்தையிலிருந்து எங்களிடம் வந்த வேலைகளில் பெரும்பகுதி இதுதான். கொக்குவில் சோதிடப்பிரகாச யந்திரசாலைக்கு ஆண்டுதோறும் பஞ்சாங்கம் இருந்தது போல, ஒவ்வோர் ஊர் அச்சகத்துக்கும் நிலையாகச் சோறு போடும் வேலை ஒன்று வேண்டும். பொன்னையாவுக்கு அது புத்தகம்.

அந்தப் புத்தகங்களில் ஒன்றைப் பற்றி நின்று சொல்லியே ஆக வேண்டும். புன்னாலைக்கட்டுவன் தமிழறிஞர் சி. கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பியத்தைப் பொன்னையா பதிப்பித்தார். எழுத்ததிகாரம் 1937, சொல்லதிகாரம் 1938, பொருளதிகாரம் 1940களில். மூல நூற்பா ஓர் எழுத்து அளவு, உரை இன்னொன்று, அடிக்குறிப்பு அதனினும் சிறிது. ஒரே பக்கத்தில் மூன்று அளவு எழுத்தைக் கையால் கோத்துப் பிழையின்றி இறுக்குவது எவ்வளவு கடினம் என்று செய்தவனுக்குத் தெரியும். அதையும் செய்துகொண்டு கிழமைதோறும் பத்திரிகையும் போட்டார்கள். அந்தப் பெயர் தெரியாத அச்சுக்கோப்பாளர்கள் மீது எனக்குள்ள மதிப்பு அளவிட முடியாதது.

செய்தியில் கொழும்பை வெல்ல முடியாததால் ஈழகேசரி இலக்கியத்துக்கும் கல்விக்கும் இடம் கொடுத்தது. இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்திலிங்கம் என்று ஈழத்துச் சிறுகதையின் முதல் வரிசைப் பெயர்கள் அதில் எழுதின. பொன்னையா 1951 இல் காலமானார். அதன்பின் ஏழு ஆண்டுகள் நடந்தது, 1956 இல் வெள்ளிவிழா மலரும் வெளியிட்டது. 1958 இல் நின்றது. அதில் ஆசிரியராக இருந்த இராஜ அரியரத்தினம் அடுத்து யாழ்ப்பாணத்து ‘ஈழநாடு’ பத்திரிகைக்குப் போனார். 1959 இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 1961 இல் நாளிதழாயிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. வடக்கில் அச்சானவற்றின் பிரதிகளைக் கொழும்பில் தேட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேட விரும்புவோர் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்திலும் வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்தில் ஈழகேசரி இதழ்கள் பல மின்வடிவில் கிடைக்கின்றன.

இன்னொன்று. அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் அச்சுப் பொருளில் இருக்க வேண்டும் என்பது பிரித்தானியர் காலத்திலிருந்தே இந்த நாட்டுச் சட்டம். ஆகவே உங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய கல்வெட்டின் கடைசிப் பக்க அடியில் ஓர் அச்சகத்தின் பெயர் இருக்கும். மூடப்பட்ட பல அச்சகங்களுக்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு ஆவணம் கிடையாது. எறிவதற்கு முன் ஸ்கேன் செய்து நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அச்சகத்தின் பெயரை மட்டும் இங்கே எழுதினாலும் போதும், அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைப் பதிலில் சொல்கிறேன்.