முந்திரிக் கொள்முதலுக்கு ஐவரி கோஸ்ட் செல்லும் சர்க்கரை நோயாளி கவனிக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 52. பண்ருட்டி அருகே முந்திரி ஆலை நடத்துகிறேன். கொட்டை கொள்முதலுக்காக வரும் பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட் சென்று, புவாக்கே நகரில் நான்கு மாதம் தங்க வேண்டியுள்ளது. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளோடு இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்று. அங்கே உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவது, என்ன செய்வது என்பதுதான் கவலை.

பதில்: தடுப்பூசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே அதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை செல்லும்; அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். திரும்பி வரும்போதும் அது கையில் இருக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் வைரஸைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு நம் ஊரில் ஏராளமாக இருப்பதால், அட்டை இல்லாமல் வருபவர்களை இந்திய விமான நிலையங்களில் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

ஆனால் அங்கே உங்களுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து மஞ்சள் காய்ச்சல் அல்ல, மலேரியா. 'கொசுக்கடி நமக்குப் பழக்கம்தானே' என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்; அந்த நம்பிக்கை தவறானது. சென்னையில் நாம் அதிகம் பார்ப்பது வைவாக்ஸ் வகை மலேரியா. மேற்கு ஆப்பிரிக்காவில் பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. அதை எதிர்க்கும் சக்தி நம் உடலில் கிடையாது, சிகிச்சை தாமதமானால் ஓரிரு நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும். அங்கு குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை பயன்படாது. ஆறு வாரத்துக்கு மேல் தங்குபவர்களுக்கு வாரம் ஒரு முறை மெஃப்ளோகுயின் என்ற மலேரியாத் தடுப்பு மாத்திரை கொடுப்பது நம் நாட்டு வழிகாட்டுதல். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் நான்கு வாரம் எடுக்க வேண்டும். வலிப்பு, மனநலப் பாதிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தவர்களுக்கு அது ஆகாது. ஆகவே ஒரு இ.சி.ஜி. எடுத்து, உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மாத்திரை எடுத்தாலும் கொசுவலை அவசியம்.

காய்ச்சல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். கொள்முதல் மும்முரத்தில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு லாரி ஏற்றும் வேலையைப் பார்ப்பதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. அங்குள்ளவர்கள் மலேரியாவை 'பாலு' என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னாலே சிறிய மருத்துவமனையிலும் விரலில் குத்திச் சோதித்துவிடுவார்கள். சந்தையில் கிடைக்கும் மாத்திரைகளில் போலிகள் உண்டு என்பதால், மலேரியாவைக் குணப்படுத்தும் ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் மூன்று நாள் மருந்து ஒரு முழு அட்டையை மருத்துவர் சீட்டுடன் இங்கிருந்தே கொண்டு செல்லுங்கள்.

சர்க்கரைக்கு வருவோம். நான்கு மாதத்துக்கான மருந்தோடு இன்னும் ஒரு மாதத்துக்குக் கூடுதலாகவும், இரண்டு குளுக்கோமீட்டர்களும், வேதிப் பெயர்கள் எழுதிய சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும். விமானத்தின் சரக்கு அறையில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். திறந்த இன்சுலினை 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். மார்ச் வெயிலில் புவாக்கே அதைத் தாண்டிவிடும். மின்வெட்டு நேரங்களில் ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் ஒரு சிறு சட்டியை வைத்து, அதில் மருந்தைப் பாதுகாக்கலாம். பிரெஞ்சு முறையில் நடக்கும் ஆய்வகங்களில் சர்க்கரை அளவை லிட்டருக்குக் கிராம் கணக்கில் எழுதுவார்கள். சீட்டில் 1.80 என்று பார்த்தால் பதற வேண்டாம். 100ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான 180.

காய்ச்சலில் சாப்பிட முடியாத நாட்களில் கிளிமிபிரைடு உங்கள் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும் என்பதால் அதை நிறுத்த வேண்டும். மலேரியாவே சர்க்கரையைக் குறைக்கும்; அதற்குக் குயினைன் மருந்தை ஊசியாகப் போட்டால் இன்னும் குறையும். வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது மெட்ஃபார்மினையும் நிறுத்த வேண்டும். இன்சுலினை மட்டும் நீங்களாக அடியோடு நிறுத்தாதீர்கள்; நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு, மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு அளவைக் குறையுங்கள்.

எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். புவாக்கேயில் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. முதல் சிகிச்சைக்கு அங்கே செல்லலாம். மாரடைப்பு, டயாலிசிஸ் போன்ற பெரிய தேவைகளுக்கு, சுமார் 350 கி.மீ. தொலைவில் உள்ள அந்நாட்டின் பெரிய நகரமான அபிஜான்தான் உங்கள் இலக்காக இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்பார்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பழைய நோய்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, அவசரத்தில் விமானத்தில் ஏற்றிச் செல்லும் செலவும் சேர்ந்த காப்பீட்டை எடுங்கள். இரவு இரண்டு மணிக்கு வண்டி எடுக்க யார் வருவார், பிரெஞ்சில் யார் பேசுவார் என்பதைப் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய மர வியாபாரி ஒருவரை என்னிடம் தூக்கி வந்தார்கள். ஐந்து நாட்களாக டைபாய்டு என்று மருத்துவம் பார்த்திருந்தார்கள். எங்கே போய் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணில் பட்ட இடமெல்லாம் சிவப்பணுக்களுக்குள் மோதிரம் போல மலேரியா ஒட்டுண்ணிகள். இரண்டு வார டயாலிசிஸுக்குப் பிறகே பிழைத்தார். நீங்கள் திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள், ஏன் ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மருத்துவர் நாடி பிடிப்பதற்கு முன்பே "நான் ஐவரி கோஸ்ட்டில் இருந்து வந்தவன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.