சாயத்துக்கு அடியில் ஒரு மீசை

அன்புள்ள ஐயா,

சினிமா வில்லன்களைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள். காமிக்ஸ் வில்லன்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை? என்னுடைய டாப் ஃபைவ்: ஜோக்கர், மேக்னெட்டோ, தானோஸ், டாக்டர் டூம், லெக்ஸ் லூதர். ஜோக்கர் என்றால் 'தி டார்க் நைட்' படத்தில் வந்த ஹீத் லெட்ஜர்தான். அந்த வேடமே அவர் உயிரைக் குடித்துவிட்டது. அறுபதுகளில் சீசர் ரொமேரோ என்று ஒருவர் மீசையைக்கூட எடுக்காமல் அதன் மேலேயே வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு ஜோக்கராக நடித்திருக்கிறார். பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நமக்குக் காமிக்ஸ் மரபே இல்லை. அதனால்தான் நம் வில்லன்கள் இன்னும் அரிவாளோடு சுமோவில் வந்து இறங்குகிறார்கள். காமிக்ஸில் இருந்தபடியே வில்லனைத் திரைக்குக் கொண்டுவந்த நடிகர் என்று யாரைச் சொல்வீர்கள்?

க., திருநகர், மதுரை

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார்கள். பரணில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினேன். கரையான் தின்றது போக உள்ளே மிச்சம் பதினேழு புத்தகங்கள். இரண்டு நாளாக மனசு அந்தப் பெட்டியைச் சுற்றியே கிடக்கிறது. அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் 'டாப் ஃபைவ்' என்ற சொல்லைப் பார்த்ததுமே கடிதத்தை மூடிவைத்திருப்பேன்.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். 'நமக்குக் காமிக்ஸ் மரபே இல்லை' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? நீங்கள் இருப்பது திருநகரில். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் சிவகாசி. 1972-ல் அங்கேதான் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ். பட்டாசு லேபிளும் காலண்டரும் அச்சடித்த ஊர், லண்டன் வாரப் பத்திரிகைகளில் வந்த படக்கதைகளைத் தமிழில் பேசவைத்துப் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கவிட்டது. அந்தக் கயிற்றில் ஸ்பைடர் என்று ஒருவன் தொங்கினான். வலை பாய்ச்சிக் கட்டடம் கட்டடமாகத் தாவுகிற அமெரிக்கப் பையன் இல்லை, இவன் வேறு. 1965-ல் லண்டனில் பிறந்தவன். உலகத்துத் திருடர்களுக்கெல்லாம் ராஜா ஆவதே அவன் லட்சியம். பூட்டு உடைக்க ஆர்டினி, கருவி செய்ய விஞ்ஞானி பெல்ஹாம் என்று இரண்டு எடுபிடிகள். புத்தகத்தின் கதாநாயகனே வில்லன்! கூரான காது, கூரான நெற்றி முடி. ரசிகர்கள் செல்லமாகக் 'கூர்மண்டை' என்றார்கள். சூப்பர்மேனையும் உங்கள் லெக்ஸ் லூதரையும் உண்டாக்கிய ஜெர்ரி சீகல்தான் பின்னால் இந்தக் கூர்மண்டைக்கும் கதை எழுதினார். லூதரின் தகப்பன் எழுதியதை நாங்கள் ஆரப்பாளையத்துத் திண்ணையில் வாடகைக்கு வாங்கிப் படித்தோம். மரபு இல்லையாம்.

அடுத்து லெட்ஜர். வேடம் அவரைக் கொன்றது என்று இனி எங்கேயும் எழுதாதீர்கள், தம்பி. 2008 ஜனவரியில் இறந்தார், வயது 28. மருந்து மாத்திரைகள் ஒன்றோடொன்று சேர்ந்ததால் நேர்ந்த விபத்து என்றுதான் பரிசோதனை சொன்னது. படம் வெளிவந்தது அந்த ஜூலையில், ஆஸ்கர் அடுத்த வருஷம். பாடுபட்டு ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டுப் போன மனுஷனைப் பேய் பிடித்தவன் ஆக்குவது ரசனை இல்லை. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வாயோரத் தழும்பு எப்படி வந்தது என்று ஜோக்கர் ஒருவனிடம் ஒரு கதை சொல்கிறான், இன்னொருத்தியிடம் வேறொரு கதை. 'பாவம், சின்ன வயசில் என்ன ஆச்சோ' என்று ஃபிளாஷ்பேக் தேடி உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்துச் செய்கிற கேலி அது.

தானோஸை விடுங்கள். காமிக்ஸில் அவன் மரணம் என்கிற பெண்ணின் மேல் பைத்தியமாகி, அவள் ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும் என்று பாதிப் பிரபஞ்சத்தை அழிக்கிறவன். 'அவெஞ்சர்ஸ்' படத்தில் அவனை ரேஷன் கடைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். இருக்கிற அரிசிக்கு இவ்வளவு கார்டுதான் தாங்கும் என்கிறான். டூமைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. முகமூடிதான் அவன் முகம், சம்பளம் கொடுத்த நடிகரின் முகத்தைக் காட்டாமல் சினிமாவால் இருக்க முடியாது. மேக்னெட்டோவுக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 1963-ல் வந்தபோது அவனுக்குப் பழைய கதை என்று எதுவும் கிடையாது. 1981-ல்தான் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து பிழைத்தவன் என்று எழுதினார்கள். 2000-ல் வந்த 'எக்ஸ்-மென்' படம் அப்படி ஒரு முகாமின் இரும்புக் கதவிலிருந்தே தொடங்கும். இயன் மெக்கெல்லன் அதை முகத்தில் வைத்துக்கொண்டே படம் முழுக்க நடந்தார்.

இப்போது மீசைக்கு வருகிறேன்.

நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்த ரொமேரோவின் மீசையைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். 1966-ல் வந்த 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடர் அது. ரொமேரோ பெயர் பெற்ற நடிகர். அந்த மீசைதான் அவர் அடையாளம். எடுக்க மாட்டேன் என்றார். அதன் மேலேயே வெள்ளையை அப்பிவிட்டார்கள். கிட்டத்தில் காட்டும்போதெல்லாம் சாயத்துக்கு அடியில் முடி தெரியும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அவர் செய்தது அந்தக் காலத்து ஜோக்கரைத்தான். 1940-ல் பேட்மேன் முதல் இதழில் வந்த ஜோக்கர் கொலைகாரன். அந்த இதழிலேயே கத்தி பாய்ந்து சாக வேண்டியவன். ஆசிரியர் குறுக்கிட்டு, 'இவன் பிழைத்துக்கொள்வான்' என்று டாக்டர் சொல்கிற மாதிரி கடைசியில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். அந்த ஒரு கட்டம்தான் இன்றைக்கு வரைக்கும் அவன் ஆயுசு. 1954-ல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் காமிக்ஸுக்கென்று ஒரு தணிக்கை வாரியம் வைத்துக்கொண்டார்கள். கொலை குறைந்தது, ஜோக்கர் கோமாளித் திருடன் ஆனான். மறுபடி கொலைகாரனாகத் திரும்பியது 1973-ல். ரொமேரோ நடித்தபோது கடையில் தொங்கிய ஜோக்கர் கோமாளிதான். காமிக்ஸில் இருந்தபடியே கொண்டுவந்தது யார் என்று கேட்டீர்களே, கணக்குப் பார்த்தால் அவர்தான்.

மீசை விஷயத்தில் அவர் தனி ஆளும் இல்லை. 1978 சூப்பர்மேன் படத்தில் லூதராக நடித்த ஜீன் ஹேக்மேனும் மீசையை எடுக்க மாட்டேன் என்றவர்தான். இயக்குநர் ரிச்சர்ட் டானர், 'நீங்கள் எடுத்தால் நானும் எடுக்கிறேன்' என்றார். ஹேக்மேன் எடுத்தார். டானர் தன் மீசையைப் பிய்த்துக் கையில் கொடுத்தார், ஒட்டு மீசை. தலையைச் சிரைக்கவும் ஹேக்மேன் சம்மதிக்கவில்லை, கடைசிக் காட்சிவரை லூதர் விக் வைத்திருப்பதாகக் காட்டினார்கள். அதுவும் தப்பில்லை. 1940-ல் லூதருக்குச் செம்பட்டை முடி இருந்தது. ஓவியர் ஒருவரின் குளறுபடியால் அடுத்த வருஷம் மொட்டையாகி, அதுவே நிலைத்துவிட்டது என்பார்கள்.

நான் சொல்ல வந்தது இது. நம் பக்கத்துப் பங்குனிப் பொங்கலில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? எமன் வருவான், கையில் வாட்ச் கட்டியிருப்பான். பாட்டுக்கு நடுவே ஆர்மோனியக்காரரிடம் 'சுதி ஏத்துங்கண்ணே' என்பான். ஒருவர்கூட முகம் சுளிக்க மாட்டார். மிச்ச எமனைப் பார்க்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். அந்த வாட்சும் ரொமேரோவின் மீசையும் எனக்கு ஒன்றுதான். காமிக்ஸில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு சந்து விட்டிருப்பார்களே, அதுவும் அதுதான். படிக்கிறவன் புகுந்து வேலை பார்க்கிற இடம். இப்போதைய படங்கள் அந்தச் சந்தைச் சிமெண்டு போட்டுப் பூசிவிடுகின்றன. தழும்பு அச்சு அசல், காயம் அச்சு அசல். நமக்கு அங்கே வேலை இல்லை, டிக்கெட் கிழித்துக் கொடுப்பதைத் தவிர.

சந்தே இல்லாமல் நடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் மதுரையில் கதை உண்டு. 1918-ல் இங்கே சிறுவர்களை வைத்துப் பாலசபை என்ற நாடகக் குழு நடத்திய சங்கரதாஸ் சுவாமிகள் இளமையில் பயங்கரமான வேடங்களுக்குப் பேர்போனவர். சனீஸ்வரன் வேடம் போட்டு ஆடி முடித்துவிட்டு, விடியும் முன்னே வேடம் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது அங்கே வந்த ஒரு கர்ப்பிணி அவரைப் பார்த்து மிரண்டு விழுந்தாள், அதோடு சுவாமிகள் வேடம் போடுவதையே விட்டார் என்பார்கள். (லெட்ஜர் கதைக்கு உங்களைத் திட்டிவிட்டு நான் இதைச் சொல்கிறேன். தெரிந்துதான் சொல்கிறேன்.)

பெட்டிக்கு வருகிறேன். அதில் இருக்கும் புத்தகங்களை நான் தனியாகப் படிக்கவில்லை. என் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. சாயங்காலம் திண்ணையில் வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு மல்லிகை கட்டுவாள்; எனக்குப் பதினோரு வயசு, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பைடர் படிப்பேன். பெல்ஹாமுக்கு எங்கள் கணக்கு வாத்தியார் குரல். ஆர்டினிக்குப் பால்காரர் குரல். ஸ்பைடருக்கு எந்தக் குரல் வைப்பது என்று எனக்கு யோசனையே வரவில்லை, அது தானாக வந்தது. காலையில் தொண்ணூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் பொழுது சாயும்போது நூறாக வாங்கிக்கொண்டு போகிற வட்டிக்காரர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். சத்தமே போட மாட்டார். 'என்னம்மா, பூ இன்னைக்கு நல்ல வெள்ளையா இருக்கே' என்பார். அத்தையின் விரல் நின்றுவிடும். அந்தக் குரலைத்தான் ஸ்பைடருக்கு வைத்தேன்.

முதல் நாள் அத்தை மிரண்டாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். 'நிப்பாட்டு' என்பாள். நிறுத்துவேன். ஸ்பைடர் வலைத் துப்பாக்கியை நீட்டியபடியே, வாயைத் திறந்தபடியே நிற்பான். அவள் சாவகாசமாக நாரில் முடிச்சுப் போட்டு, பூவை முழம் அளந்து, சுருட்டி ஈரத்துணிக்குள் வைத்துவிட்டு, 'ம், இப்பப் பேசச் சொல்லு அவன' என்பாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. கதைக்காக நிறுத்தவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தக் குரலை அவளால் நிறுத்த முடிந்த இடம் அது ஒன்றுதான். எந்த தியேட்டரில் இது நடக்கும்? லெட்ஜர் பேசத் தொடங்கினால் நீங்களோ நானோ அவரை நிறுத்த முடியுமா?

ஸ்பைடர் பிறகு திருந்திவிட்டான், தெரியுமா? திருட்டை விட்டுவிட்டு மற்ற திருடர்களைப் பிடிக்கப் புறப்பட்டான். அந்தப் புத்தகத்தை நான் உற்சாகமாகத்தான் வாசித்தேன். அத்தை பாதியில் நிறுத்தச் சொன்னாள். வழக்கம்போல முடிச்சுப் போடத்தான் என்று காத்திருந்தேன். மறுபடி தொடங்கச் சொல்லவில்லை.

'இவனும் கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கிக் குடுத்து பேரு எழுதிக்கிட்டானாடா' என்றாள்.

வட்டிக்காரர் அந்த வருஷம்தான் வாங்கிக் கொடுத்திருந்தார், உபயம் என்று நீளத்துக்கும் சிவப்பு எழுத்தில்.

அதற்குப் பிறகு அத்தை இரும்புக்கை மாயாவிக்கு மாறிவிட்டாள். அவனும் தொடக்கத்தில் கொள்ளையடித்தவன்தான், திருந்தின பிறகுதான் நமக்கு நல்லவன் என்பதை நான் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவனுக்கு என் சொந்தக் குரலையே வைத்துப் படித்தேன்.