கம்பெனி பெயர் பதிந்தாச்சு, டிரேட்மார்க் நோட்டீஸ் வருகிறது: கேள்வி பதில்

வில்லியனூரிலிருந்து: ஆர்.ஓ.சி.யில் (கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகம்) பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கோவை கம்பெனி ஒன்று, பெயரை மாற்றச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அரசாங்கம் கொடுத்த பெயர்தானே?

ஆர்.ஓ.சி. கொடுத்தது கம்பெனிக்கான பெயர். அதே பெயரில் சரக்கு விற்கும் உரிமையை அது தராது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 16-ன்படி, நீங்கள் பதிந்த 3 வருஷத்துக்குள் அந்தப் பெயரை டிரேட்மார்க்காக (வணிகக் குறியாக) பதிந்தவர் மத்திய அரசின் மண்டல இயக்குநரிடம் மனு போடலாம், உத்தரவு வந்தால் 3 மாதத்தில் பெயரை மாற்றியாக வேண்டும். 3 வருஷம் தாண்டினாலும் கோர்ட் வழி திறந்தே இருக்கும். நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருக்காதீர்கள். அவர்கள் எந்த வகுப்பில் (சரக்கு அல்லது சேவையின் வகை), எந்தத் தேதியிலிருந்து பதிந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

கடலூர் முதுநகர்: ஜிஎஸ்டி, உத்யம் (சிறுதொழில் பதிவு) இரண்டிலும் பெயர் இருக்கிறது, போதாதா?

போதாது.

பண்ருட்டி: அப்பா 1994-லிருந்து இந்தப் பெயரில் முந்திரி விற்றார், பதியவில்லை. போன வருஷம் வேறொருவர் பதிந்துவிட்டார். போச்சா?

போகவில்லை. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா பெயர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு பேரிடமும் பதிவு இருந்தும், முதலில் பயன்படுத்தியவர் உரிமைதான் மேல் என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. டிரேட்மார்க் சட்டம் பிரிவு 34-ம் முன்பிருந்தே பயன்படுத்துபவரைக் காக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க பழைய பில், மண்டிச் சீட்டு, விளம்பரம், பை எல்லாம் வேண்டும். வீட்டுப் பரணை இன்றைக்கே பாருங்கள்.

நெல்லித்தோப்பு: அப்படியென்றால் பதிவே தண்டம்தானே?

இல்லவே இல்லை, இப்படி நினைத்துத்தான் பலர் மாட்டுகிறார்கள். பதிவு இல்லையென்றால் உங்கள் பெயருக்கு மதிப்பு இருந்தது, வாங்குபவர் ஏமாறுகிறார், உங்களுக்கு நஷ்டம் என்று மூன்றையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு 10 வருஷத்துக்கு நிற்கும்.

பண்ருட்டி (மறுபடி): அந்த ஆள் போட்ட மனுவை முன்பே தடுத்திருக்கலாமா?

ஆம். அந்த மனு டிரேட்மார்க் இதழில் (பதிவு மனுக்களை வெளியிடும் அரசு இதழ்) வெளிவந்த 4 மாதத்துக்குள் எதிர்ப்பு தெரிவித்திருக்கலாம். இப்போது பதிவை ரத்து செய்யக் கேட்க வேண்டும்.

லாஸ்பேட்டை: ஆர்.ஓ.சி. பெயர் கொடுத்துவிட்டது, டிரேட்மார்க் தேவையா?

முதல் பதிலைப் படியுங்கள். போர்டு அடிக்கும் முன் டிரேட்மார்க் தளத்தில் தேடுங்கள், இலவசம். எழுத்து மாறி ஒலி ஒன்றாக வரும் பெயர்களையும் தேடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: கூட்டாளி பங்குப் பணம் தரவில்லை.

அதற்கு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

பண்ருட்டி: 1996 பில் புத்தகம் கிடைத்துவிட்டது!

அருமை. லேமினேட் செய்யாதீர்கள், அசலாகவே வையுங்கள். எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்துவிட்டு வக்கீலிடம் போங்கள்.