உறவு தெரிகிறது, ஆதாரம் எங்கே?

கேள்வி: சிறிய செய்தி நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடமாக எழுதுகிறேன். ஒரு பொது மருத்துவமனையின் கொள்முதல் குழு உறுப்பினருக்கும், அங்கே தொடர்ந்து டெண்டர் எடுக்கும் உபகரண நிறுவனத்துக்கும் குடும்ப உறவு இருப்பதாக உள்ளே வேலை பார்ப்பவர்களே சொல்கிறார்கள். பெயர் கொடுத்துப் பேச ஒருவரும் தயாரில்லை. இதை எங்கே தொடங்கி எப்படி நிரூபிப்பது?

பதில்: உங்கள் கையில் இப்போது இருப்பது ஒரு பேச்சு. பெரிய புலனாய்வுகள் பலவும் இப்படி ஒரு பேச்சில்தான் தொடங்கியிருக்கின்றன, அதனால் அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் உறவு இருக்கிறது என்பது மட்டும் செய்தி ஆகாது. நல முரண், அதாவது பதவியும் சொந்த ஆதாயமும் மோதுகின்றன என்று எழுத மூன்று விஷயம் வேண்டும். அந்த உறுப்பினருக்கோ அவர் குடும்பத்துக்கோ அந்த நிறுவனத்தால் ஆதாயம் இருக்க வேண்டும். அந்த ஆதாயத்தைத் தொடும் முடிவில் அவர் கை இருந்திருக்க வேண்டும். அதை அவர் தெரிவிக்காமல் இருந்திருக்க வேண்டும், அல்லது தெரிவித்துவிட்டும் விலகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். டெண்டர் 2017-இல் முடிந்து, மைத்துனர் 2019-இல்தான் நிறுவனத்தில் பங்குதாரர் ஆனார் என்றால், அந்த டெண்டரை வைத்து நீங்கள் எதுவும் எழுத முடியாது.

எனவே முதல் நாளே ஒரு கால வரிசை போடுங்கள். சாதாரண எக்செல் தாள் போதும். தேதி, என்ன நடந்தது, எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று நான்கு பத்தி. நிறுவனம் பதிவானது, பங்கு கை மாறியது, அவர் குழுவில் நியமனமானது, டெண்டர் அறிவிப்பு, திறப்பு, ஒப்புதல் எல்லாம் ஒரே தாளில் வரட்டும். தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்போது, தனித்தனியாகப் படித்தபோது கண்ணில் படாதது பளிச்சென்று தெரியும்.

ஐஸ்லாந்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பனாமா நாட்டுச் சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்து 2016-இல் வெளியான பனாமா ஆவணங்களில், அப்போது அந்நாட்டுப் பிரதமராக இருந்த சிக்முண்டுர் குன்லாக்சனும் அவர் மனைவியும் பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் விண்ட்ரிஸ் என்ற நிறுவனத்தை வைத்திருந்தது தெரிந்தது. 2009 டிசம்பர் 31 அன்று தன் பாதியை அவர் ஒரு டாலருக்கு மனைவியிடம் விற்றிருந்தார். அதைக் கணக்கில் காட்டியாக வேண்டும் என்ற விதி மறுநாள் நடைமுறைக்கு வந்தது. திவாலான ஐஸ்லாந்து வங்கிகளுக்குக் கடன் கொடுத்தவர்களின் பட்டியலில் விண்ட்ரிஸும் இருந்தது. அப்படிக் கடன் கொடுத்தவர்களோடு பேச்சு நடத்தியது அவருடைய அரசு. தவறு செய்யவில்லை என்றுதான் அவர் சொன்னார், ஆனாலும் பதவி விலக நேர்ந்தது. வெளிநாட்டில் நிறுவனம் வைத்திருப்பது தனியாகப் பார்த்தால் குற்றம் இல்லை. அந்தத் தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதுதான் செய்தி.

சரி, ஆவணங்கள். நிறுவனப் பதிவேட்டில் இன்றைய இயக்குநர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். விலகியவர்கள், பழைய ஆண்டறிக்கைகள், பதிவு முகவரி, சாட்சிக் கையெழுத்து போட்டவர் வரை பாருங்கள். ஆதாயம் பெரும்பாலும் மனைவி, சம்பந்தி, பழைய கூட்டாளி பெயரில்தான் இருக்கும். ஒரே முகவரி இரண்டு நிறுவனங்களில் வந்தால் குறித்து வையுங்கள். அப்புறம் கொள்முதல் குழுவின் கூட்டக் குறிப்புகள். தீர்மானத்தைவிட வருகைப் பதிவை முதலில் படிப்பது என் வழக்கம். அன்று அவர் அறையில் இருந்தாரா, அந்த டெண்டர் பற்றிய பேச்சு வந்தபோது வெளியே போனாரா என்று தெரியாமல் அடுத்த படிக்கே போக முடியாது. டெண்டர் நிபந்தனைகளையும் வரிவரியாகப் படியுங்கள். ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பொருந்துகிற அனுபவ நிபந்தனை, வழக்கத்தைவிடக் குறைந்த கால அவகாசம், ஒரே விண்ணப்பம் போன்றவை அங்கேதான் இருக்கும். தகவல் உரிமைச் சட்டம் இருக்கும் இடமாக இருந்தால் ‘எல்லா விவரமும் தருக’ என்று கேட்காதீர்கள். எந்தத் தேதிக் கூட்டம், எந்தக் கோப்பு என்று குறிப்பிட்டுக் கேட்டால் மறுப்பது கடினம்.

இந்த வேலையில் மிகவும் பலன் தருவது, யாரும் சேர்த்து வைத்துப் பார்க்காத இரண்டு பட்டியல்களைச் சேர்த்து வைப்பது. 2021-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் அமெரிக்க மத்திய நீதிபதிகளின் சொத்து அறிக்கைகளை அவர்கள் விசாரித்த வழக்குகளோடு ஒப்பிட்டது. 2010 முதல் 131 நீதிபதிகள், தாங்களோ குடும்பத்தினரோ பங்கு வைத்திருந்த நிறுவனங்களின் 685 வழக்குகளில் விலகாமல் இருந்தது தெரியவந்தது. மறுவருடமே அந்த அறிக்கைகளை இணையத்தில் வெளியிடச் சட்டம் வந்தது. ரகசியமாகக் கசிந்த தாள் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை, பொறுமைதான் தேவைப்பட்டது. உங்கள் விஷயத்தில் இரண்டு பட்டியல் எவை? தங்களுக்கும் குடும்பத்துக்கும் எங்கெங்கே ஆதாயம் இருக்கிறது என்று குழு உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்கும் நலன் அறிக்கைகள் ஒன்று, டெண்டர் பெற்ற நிறுவனங்களின் பங்குதாரர் பட்டியல் இன்னொன்று. நலன் அறிக்கையே வாங்குவதில்லை என்று மருத்துவமனை சொன்னால், அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதுவே தனியாக ஒரு செய்தி.

இப்போது ஓர் எச்சரிக்கை, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை பெயரும் இனிஷியலும் ஒத்துப்போனதை நம்பி அரைக் கட்டுரை எழுதிவிட்டேன். பிறந்த தேதியைப் பார்த்தபோது அவர் வேறு ஆள். அன்று அது அச்சேறியிருந்தால் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயர் கெட்டிருக்கும். பெயர் தவிர இன்னும் இரண்டு அடையாளமாவது பொருந்த வேண்டும்: பிறந்த தேதி, கையெழுத்து, முகவரி, ஏதாவது. உறவை நிரூபிக்கக் குடும்ப வழக்கு ஆவணம், சொத்துப் பத்திரம், வெளிப்படையாக வந்த திருமண அறிவிப்பு போன்றவை உதவும். குழந்தைகளின் விவரமும் வீட்டு முகவரியும் உங்கள் கோப்போடு நிற்கட்டும்.

உள்ளே இருப்பவர்கள் பெயர் கொடுக்கத் தேவையில்லை. எந்தக் கோப்பு, எந்த மாதம் என்று வழி காட்டினால் போதும், மீதியை ஆவணத்தில் நீங்களே தேடிக்கொள்ளலாம். அவர்களை அலுவலக போனிலோ அலுவலக மின்னஞ்சலிலோ தொடர்புகொள்ளாதீர்கள். அவர்கள் அனுப்பும் படத்தையும் அப்படியே வெளியிடாதீர்கள். எந்தக் கருவியில் எப்போது எடுத்தது என்ற தகவல் அதற்குள் இருக்கலாம். தோற்றுப்போன டெண்டர்தாரர் நிறையச் சொல்வார். கேளுங்கள், ஆனால் அவருக்கும் இதில் ஓர் ஆதாயம் இருக்கிறது.

எழுதி முடித்ததும் அந்த உறுப்பினர், நிறுவனம், மருத்துவமனை மூவருக்கும் தனித்தனியாகக் கேள்வி அனுப்புங்கள். ‘இந்தத் தேதிக் கூட்டத்தில் இந்த டெண்டருக்கு நீங்கள் ஒப்புதல் அளித்தபோது இந்த நிறுவனத்தில் உங்கள் மனைவிக்குப் பங்கு இருந்ததா, அதைத் தலைவரிடம் தெரிவித்தீர்களா’ என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்கள். எழுத்தில் தெரிவித்துவிட்டு வெளியே போயிருந்தேன் என்று அவர் ஒரு கடிதத்தைக் காட்டலாம். காட்டினால், அந்தக் கடிதம் எந்தத் தேதியில் கோப்பில் பதிவானது என்று பார்த்துவிட்டு உங்கள் தாளில் இன்னொரு வரி சேருங்கள்.