மிச்சத்தை உறைய வைப்பது: கேள்வி பதில்

கேள்வி: இருவரும் வேலைக்குப் போகிறோம். ஞாயிறு சமைத்து ஃப்ரீசரில் வைத்தால், புதன்கிழமை பிள்ளைகள் "இதே சாம்பாரா?" என்று முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்யலாம் அக்கா?

பதில்: சாம்பாராக உள்ளே போனால் சாம்பாராகத்தான் வெளியே வரும். சமையலை முடிக்காமல் பாதியில் நிறுத்தி வையுங்கள். ஞாயிறு அரைக் கிலோ துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, ஒரு வேளை அளவாக டப்பாக்களில் பிரியுங்கள். கொண்டைக்கடலையும் அப்படியே. வெங்காயம் தக்காளியை எண்ணெய் பிரிய வதக்கி, எந்தப் பொடியும் போடாமல் ஜிப்லாக் பையில் தட்டையாகப் பரப்பி வைத்தால் வேண்டியதை உடைத்து எடுக்கலாம்.

திங்கள் ரசம், செவ்வாய் சப்பாத்திக்குச் சன்னா மசாலா, புதன் முட்டைத் தொக்கு, வியாழன் கடலை போட்ட புளிக்குழம்பு, வெள்ளி கீரைக் கூட்டு. (வெள்ளியன்று முட்டை தொடாத வீடு என்று நினைத்துச் சொல்கிறேன்.) தாளிப்பும் தேங்காயும் அன்றன்றைக்கு. உருளைக்கிழங்கு மட்டும் உள்ளே போகவேண்டாம், உறைந்து இளகினால் மாவாக உதிரும். டப்பாவில் விளிம்புவரை நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், மூடி பிதுங்கிவிடும். தேதி எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: மீந்த சோற்றை இரவு மேடையிலேயே மூடி வைத்து, காலையில் லெமன் சாதம் கிளறலாமா?

பதில்: கூடாது. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும்போது சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சை விடும். வாந்தி எடுக்கவைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. நம் ஊர் வெயிலுக்குத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த சோறு உதிரி உதிரியாக நிற்கும், கிளற அதுதான் வசதி.

கேள்வி: பொங்கலுக்கு மறுநாள் மீந்த சாம்பார், அவியல், கூட்டு எல்லாம் சேர்த்துச் சுண்டக்கறி வைப்போம். ஃப்ரீசர் தாங்குமா? (திருநெல்வேலி)

பதில்: தாராளமாக. தண்ணீர் வற்றியது, புளி ஏறியது. உருகின பிறகும் ருசி குறையாது.

கேள்வி: அவியல் போட்டால் அது சுண்டக்கறியா? தயிர் திரியாதா?

பதில்: திரியும். இரண்டு நாள் சுண்டின பிறகு எது தயிர், எது தேங்காய் என்று யார் கண்டார்கள்? அவியல் இல்லாத சுண்டக்கறி எனக்கு வெறும் கெட்டிச் சாம்பார்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் அவியலைச் சேர்க்கவே மாட்டோம். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு போதும்.

பதில்: சரி, உங்கள் வீட்டுச் சட்டி, உங்கள் இஷ்டம். ஆனால் கூட்டாவது போடுங்கள். பருப்பு இல்லாமல் கெட்டிப்படாது.

கேள்வி: எங்கள் ஆச்சி மண்சட்டியில் ஒரு வாரம் வெளியிலேயே வைப்பார். ஒன்றும் ஆனதில்லையே?

பதில்: ஆச்சி காலையும் மாலையும் தளதளவென்று கொதிக்கவிட்டிருப்பார், ஈரக் கரண்டி போட்டிருக்க மாட்டார். மாதமும் தை. அதையே சித்திரையில் செய்து பார்க்க வேண்டாம். இப்போது ஃப்ரிட்ஜ் இருக்கிறது, ராத்திரி உள்ளே வையுங்கள்.

கேள்வி: தேங்காய்ச் சட்னி உறைய வைக்கலாமா?

பதில்: தண்ணீர் பிரியும். துருவலை உறைய வையுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால்?

பதில்: நிறைந்த ஃப்ரீசர், கதவு திறக்காவிட்டால் 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்தது 24. "உருகிவிட்டதா?" என்று திறந்து திறந்து பார்த்தால் கணக்கு செல்லாது.

கேள்வி: ராத்திரி பிரியாணி வெளியிலேயே இருந்துவிட்டது, சூடு பண்ணிச் சாப்பிடலாமா?

பதில்: பிரியாணியும் சோறுதான். மேலே படிக்கவும்.

கேள்வி: நெய்ச்சோறு?

பதில்: மேலே.

கேள்வி: பழைய சோறு மட்டும் எப்படி?

பதில்: இது நல்ல கேள்வி. தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடுகிறோம். புளிப்பு ஏற ஏற மற்றக் கிருமிகளுக்கு இடம் குறையும். வெறும் சோறு மூடிக் கிடப்பதும் அதுவும் ஒன்றல்ல. அதிலும் சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், நடுராத்திரி ஞாபகம் வந்து ஊற்றுவது அல்ல.

கேள்வி: சுண்டக்கறியில் முருங்கைக்காய்?

பதில்: சதை குழம்போடு கரைந்துவிடும், நார்தான் மிஞ்சும். உறைய வைக்குமுன் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.