மாறுகண், சோம்பல் கண், இரட்டைப் பார்வை: ஆர்த்தாப்டிஸ்ட் பதில்கள்

கேள்வி (சேலம், 5 வயதுப் பையனின் அம்மா): கண் ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு அறையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, படம் காட்டி, கண்ணை மறைத்து மறைத்து எடுத்து, ஏதேதோ எண் எழுதினார்கள். அப்புறம் டாக்டர் ஐந்தே நிமிஷம் பார்த்தார். அந்த முதல் அறையில் இருந்தவர் யார்? அவரும் டாக்டரா?

பதில்: டாக்டர் இல்லை, ஆர்த்தாப்டிஸ்ட். இரண்டு கண்ணும் ஒன்றாகத் திரும்புகின்றனவா, இரண்டின் பார்வையும் மூளையில் ஒன்றாகச் சேர்கிறதா என்று அளப்பதுதான் அவர் வேலை. இங்கிலாந்தில் இதற்குத் தனிப் பட்டப்படிப்பும் தனிப் பதிவும் உண்டு. பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராது. அங்கே இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தவர் மேரி மேடாக்ஸ், கண் மருத்துவர் எர்னஸ்ட் மேடாக்ஸின் மகள். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் ஆப்டோமெட்ரி (பார்வையை அளந்து கண்ணாடி எழுதும் படிப்பு) படித்துவிட்டு மாறுகண் பிரிவில் பழகியவர்கள் இதைச் செய்கிறார்கள்.

கண்ணை மறைத்து எடுத்ததற்குப் பெயர் கவர் டெஸ்ட். மறைக்கும் கண்ணைப் பார்க்கமாட்டோம், திறந்திருக்கும் கண்ணைத்தான் பார்ப்போம். ஒன்றை மறைத்ததும் மற்றது வெளியிலிருந்து மூக்குப் பக்கம் நகர்ந்தால், அது இத்தனை நேரம் வெளியே விலகி நின்றது என்று அர்த்தம். பிறகு ஒளியை வளைத்துவிடும் ப்ரிசம் பட்டையைக் கண் முன்னால் வைத்து, அந்த நகர்வு நிற்கும்வரை அளவை ஏற்றிக்கொண்டே போவோம். நின்ற இடம்தான் மாறுகண்ணின் அளவு. ஒரு ப்ரிசம் அளவு என்றால், 1 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளை 1 செ.மீ. இடம் மாற்றிக் காட்டும் விலக்கம். இதை 33 செ.மீ. கிட்டத்திலும் 6 மீட்டர் தூரத்திலும், கண்ணாடி போட்டும் போடாமலும் எடுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் அதற்குத்தான் போனது. டாக்டருக்கு ஐந்து நிமிஷம் போதுமாக இருந்ததும் அந்த எண்கள் கையில் இருந்ததால்தான்.

கேள்வி (அதே அம்மா): இடது கண் பார்வை 6/24 என்று குறைவு, வலது 6/6, சரியான பார்வை. கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். நல்ல கண்ணை மூடி ஒட்டும் பேட்ச் இப்போது வேண்டாம், நான்கு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். தள்ளிப்போட்டால் கெட்டுவிடாதா?

பதில்: கெடாது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சோம்பல் கண் என்றால், மூளை ஒரு கண்ணைச் சரியாகப் பயன்படுத்தாமல் விட்டதால் அதில் பார்வை குறைவது. இரண்டு கண்ணின் பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பல் கண், கண்ணாடியை முழுநேரம் போட்டாலே பல குழந்தைகளுக்கு ஏறும். அந்த ஏற்றம் 18 வாரம்வரைகூடத் தொடரும். முதல் நாளே பேட்ச் ஒட்டினால் எது கண்ணாடியால் வந்தது, எது பேட்சால் வந்தது என்று தெரியாது, தேவையில்லாத குழந்தைக்கும் ஒட்டிக்கொண்டிருப்போம். ஒன்று மட்டும்: கண்ணாடியை வகுப்பில் மட்டும் போட்டு வீட்டில் கழற்றி வைத்தால் அது கணக்கில் சேராது.

கேள்வி (நாகர்கோவில்): என் மகளுக்குக் கண்ணாடி மட்டும் போடும் கட்டம் தாண்டி பேட்ச் ஆரம்பித்தாயிற்று. தினம் 2 மணி நேரம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு 6 மணி நேரம். எங்களுக்குக் குறைத்துச் சொல்லிவிட்டார்களோ?

பதில்: பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அமெரிக்காவில் நடந்து 2003இல் வெளியான இரண்டு ஆய்வுகளைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். 6/12 முதல் 6/24 வரை குறைந்த கண்ணுக்கு 2 மணி நேரமும் 6 மணி நேரமும் கிட்டத்தட்ட ஒரே பலன் தந்தன. அதைவிட மோசமான கண்ணுக்கு 6 மணி நேரமே நாள் முழுதும் ஒட்டியதற்குச் சமமாக இருந்தது. ஆனால் அந்த 2 மணி நேரம் உண்மையான 2 மணி நேரமாக இருக்க வேண்டும். பலன் தராத பேட்சைக் கிளறிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இவைதான்:

கண்ணாடி மேல் துணி உறை மாட்டியிருப்பார்கள். குழந்தை மூக்கோரமாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். தோலில் ஒட்டி, அதன் மேல் கண்ணாடி போடுங்கள்.

தலைக்கு எண்ணெயும் முகத்துக்குப் பவுடரும் போட்ட பிறகு ஒட்டினால் அரை மணியில் ஓரம் தூக்கிவிடும். முகம் கழுவித் துடைத்ததும் முதலில் ஒட்டுங்கள். எடுக்கும்போது ஓரத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து, காதுப் பக்கமிருந்து மூக்குப் பக்கமாக மெல்ல உரியுங்கள். தேங்காய் எண்ணெய் அதற்குப் பிறகு.

சிரிக்காதீர்கள், மங்கலான கண்ணை மூடிவிடுகிற வீடுகளும் உண்டு. "கெட்ட கண்ணுக்கு ஓய்வு" என்று நினைத்து. மூட வேண்டியது நல்ல கண்ணை. எந்தக் கண் என்று சீட்டில் எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

தூங்கும் நேரம் கணக்கில்லை. படம் தீட்டுவது, மணி கோப்பது, அரிசியில் கல் பொறுக்குவது போன்ற கிட்டத்து வேலை கொடுங்கள்.

6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை அளக்கப் போக வேண்டும். அப்போது நல்ல கண்ணின் பார்வையையும் எடுப்போம், மூடி மூடி அது இறங்கிவிடக் கூடாதே. இரண்டும் சமமானதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் சுமார் நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது. படிப்படியாகக் குறைத்து, நிறுத்திய பிறகும் அளக்க வேண்டும். பேட்சே ஒட்டவிடாத குழந்தைக்கு, நல்ல கண்ணில் வாரத்தில் இரண்டு நாள் அட்ரோபின் சொட்டு விட்டு மங்கலாக்குவது இன்னொரு வழி. அது டாக்டர் எழுதித் தர வேண்டியது.

கேள்வி (மதுரை): எட்டு மாதக் குழந்தை. ஒரு கண் உள்ளே போகிறது. மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார்.

பதில்: அத்தையிடம் இப்படிச் சொல்லுங்கள்: பிறந்து மூன்று மாதம்வரை எப்போதாவது கண் விலகுவது சகஜம். எட்டு மாதத்தில் விலகினால் காட்டியே ஆக வேண்டும். மூக்குத்தண்டு தட்டையாக, கண்ணோரத் தோல் அகலமாக இருந்தால் நேராக இருக்கும் கண்ணும் உள்ளே போவதுபோலத் தோன்றும், அதுவாகவும் இருக்கலாம். ஃபிளாஷ் போட்டு நேர் எதிரே ஒரு படம் எடுங்கள். இரண்டு கண்மணியிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால் பொய்த் தோற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தாலும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

அந்தப் படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் நாள் பார்க்காதீர்கள், அன்றைக்கே கண் ஆஸ்பத்திரி. விழித்திரைப் புற்றுநோய் சில குழந்தைகளில் மாறுகண்ணாகத்தான் முதலில் வெளிப்படும். மாறுகண் குழந்தை எதுவானாலும் டாக்டர் கண்மணியை விரித்து உள்ளே பார்ப்பது அதற்காகத்தான்.

கேள்வி (ஈரோடு): கண்ணாடி போட்டால் மகனுக்குக் கண் நேராக இருக்கிறது, கழற்றினால் உள்ளே ஓடுகிறது. ஆபரேஷன் செய்து கண்ணாடியைத் தூக்கிப் போட முடியாதா?

பதில்: முடியாது. பிளஸ் பவர் உள்ள குழந்தை தெளிவாகப் பார்க்கக் கண்ணை அழுத்திக் குவிக்கிறது, அந்த அழுத்தத்தோடு கண் உள்ளே இழுபடுகிறது. கண்ணாடி அந்த அழுத்தத்தை எடுத்துவிடுகிறது. கண்ணாடியோடும் மிஞ்சி நிற்கும் விலகலுக்குத்தான் கத்தி. கண்ணாடியால் நேராகிற பங்கையும் சேர்த்து வெட்டினால் பின்னால் கண் வெளியே போய்விடும்.

இந்தப் பவரைச் சரியாகக் கண்டுபிடிக்க அட்ரோபின் களிம்பு மூன்று நாள் போடச் சொல்வார்கள். கருவிழி அடர்ந்த நம் குழந்தைகளுக்குச் சாதாரணச் சொட்டு சில சமயம் போதாது. அரிசி மணி அளவு கீழிமைக்குள் வைத்து, மூக்கோரக் கண்முனையை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். முகம் சிவந்து, வாய் உலர்ந்து, காய்ச்சல் அடித்தால் மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள். குழாயைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி (திருச்சி, 58 வயது): பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. போன வாரம் காலையில் எழுந்ததும் தெருவில் எல்லாம் இரண்டிரண்டாக. பேப்பர் படிக்கும்போது அவ்வளவு இல்லை. கண்ணாடி மாற்றினால் போதுமா?

பதில்: முதலில் ஒன்று பாருங்கள் ஐயா. ஒரு கண்ணை மூடினால் இரட்டை போய்விடுகிறதா? ஒரு கண்ணிலேயே இரண்டாகத் தெரிந்தால் புரையோ பவரோ காரணமாக இருக்கும். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால் இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் அதிகம், கிட்டத்தில் குறைவு என்பதால், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பின் மேல் சந்தேகம் போகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதன் சிறு ரத்தக் குழாயை அடைத்திருந்தால் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே சரியாகும், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். அது சர்க்கரையால்தான் என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், இந்த வாரமே போங்கள். இமை தொங்குவது, ஒரு கண்மணி பெரிதாவது, கடும் தலைவலி, கை கால் தளர்வு, இவற்றில் எது சேர்ந்தாலும் கண் ஆஸ்பத்திரி வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. இமையும் கண்மணியும் சேர்ந்து மாறினால் மூளை ரத்தக் குழாய் வீக்கமாக இருக்கலாம்.

அதுவரைக்கும் எங்கள் வேலை ப்ரிசம் ஒட்டுவது. ஃப்ரெனல் என்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். கண்ணாடி வில்லையின் வடிவத்துக்கு வெட்டி, தண்ணீருக்குள் வைத்தே வில்லையின் உள்பக்கம் ஒட்டுவோம். வழவழப்பான பக்கம் வில்லையில், கோடு போட்ட பக்கம் கண்ணைப் பார்த்து. கட்டைவிரலால் குமிழை ஓரத்துக்குத் தள்ளி எடுத்து உலர விடுவோம். உங்கள் விஷயத்தில் ப்ரிசத்தின் தடித்த பக்கம் காதை நோக்கி வரும். அந்தக் கண்ணில் கொஞ்சம் மங்கும், வெயிலில் கோடு தெரியும். அழுக்கு என்று நினைத்துத் துணியால் தேய்த்தால் பிய்ந்து வந்துவிடும், மென்மையான பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். நரம்பு தேற அளவு குறையும், உரித்து வேறொன்று ஒட்டலாம். இதனால்தான் நிலையான ப்ரிசம் கண்ணாடியை இப்போதே செய்யச் சொல்லமாட்டோம், ஒரு மாதத்தில் காசு வீண். டூவீலர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (சென்னை, 14 வயது மகளின் அப்பா): படித்தால் தலைவலி. கிட்டத்தில் பார்க்க இரண்டு கண்ணும் உள்ளே குவிவது பத்தாது, பென்சிலை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து பார்க்கும் பயிற்சி செய் என்றார்கள். இரண்டு மாதம் ஆகியும் பலனில்லை.

பதில்: ஒரு பொருளை மூக்கை நோக்கிக் கொண்டுவந்தால் சுமார் 6 செ.மீ. வரை அது ஒன்றாகத் தெரிய வேண்டும். மகளுக்கு எங்கே இரண்டாகிறது என்று எண் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாமல் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியாது.

9 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 221 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2008இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை மருத்துவமனையில் ஒரு மணி நேரப் பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களில் 73 விழுக்காட்டினர் 12 வாரத்தில் தேறினார்கள். பென்சில் மட்டும் செய்தவர்களில் 43. போலிப் பயிற்சியிலேயே 35 விழுக்காட்டினர் தேறியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெறும் பென்சிலை நான் பெரிதாக நம்புவதில்லை.

வேறு வழி இல்லையென்றால் செய்முறையையாவது திருத்துங்கள். பென்சில் நுனியைப் பார்த்தால் போதாது, அதில் ஒரு சின்ன எழுத்தை ஒட்டி அதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். பின்னால் சுவரில் ஒரு காலண்டர் இருக்கட்டும். பென்சில் ஒன்றாகவும் காலண்டர் இரண்டாகவும் தெரிந்தால்தான் இரண்டு கண்ணும் வேலை செய்கின்றன. காலண்டரும் ஒன்றாகத் தெரிந்தால் மூளை ஒரு கண்ணை அணைத்துவிட்டது, பயிற்சி வீண். உங்கள் மகளுக்கு அதுதான் நடந்துகொண்டிருக்கலாம், இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (லண்டன், ஹாரோ): அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வார்டில் இருக்கிறார். ஆர்த்தாப்டிஸ்ட் வந்து பார்த்தார். கைதானே விழுந்துவிட்டது, கண்ணுக்கு என்ன?

பதில்: ஸ்ட்ரோக்கில் பார்வைப் பரப்பின் ஒரு பாதி போய்விடலாம், அப்பாவுக்கே அது தெரியாது. தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே மிஞ்சுவது, வாசல் நிலையில் தோள் இடிப்பது, வரியின் தொடக்கம் விட்டுப்போவது எல்லாம் அடையாளம். இடப்பக்கம் தெரியாதவருக்குப் பேப்பரின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோடுவரை கண்ணைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தண்ணீரும் அழைப்பு மணியும் தெரியும் பக்கம் இருக்கட்டும். காரோட்டுவது பற்றி வார்டிலேயே கேளுங்கள். பார்வைப் பரப்பு பாதி போனால் அங்கே ஓட்ட முடியாது, உரிம அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

கேள்வி (ஆப்டோமெட்ரி மாணவர், கோவை): சார், மாறுகண் பிரிவில் பயிற்சி ஆரம்பம். புதியவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

பதில்: டார்ச்சைக் காட்டிக் கவர் டெஸ்ட் எடுப்பதில். வெளிச்சத்தைப் பார்க்கும் குழந்தை கண்ணைக் குவிக்காது, உள்மாறுகண் குறைவாக வரும். சின்னப் படத்தைக் காட்டி, "பூனைக்கு மீசை எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே எடுங்கள்.

சோம்பல் கண்ணுக்குத் தனி எழுத்தைக் காட்டினால் பார்வை உண்மையைவிட நன்றாக வரும். எழுத்துகள் நெருக்கமாக நிற்கும் அட்டையே வேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தைக் காண்கின்றனவா என்று பார்க்கும் ஈப் படப் புத்தகத்தில் முதல் சில வட்டங்களை ஒரு கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் பக்கவாட்டில் 90 டிகிரி திருப்புங்கள். ஆழம் மறைந்த பிறகும் குழந்தை அதே வட்டத்தைத் தொட்டால் அது ஊகம்.

பேசாத குழந்தைக்கு அட்டையே வேண்டாம். கையால் முதலில் ஒரு கண்ணை, பிறகு மற்றதை மறையுங்கள். வலதை மறைத்தால் சும்மா இருந்து, இடதை மறைத்தால் மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால், வலது கண்ணின் பார்வை குறைவு. சீட்டில் அதையும் எழுதுங்கள், "ஒத்துழைக்கவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள்.