அமிர்தசரஸில் ஒரு முழு நாள்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறை நெருங்குவதால் இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பாதி ஒரே ஊரைப் பற்றியவை. அவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

டிசம்பர் கடைசியில் ஆறு பேர் அமிர்தசரஸ் போகிறோம். தனி வண்டி, வழிகாட்டியோடு ஒரே நாளில் பொற்கோயில், ஜாலியன்வாலா பாக், பிரிவினை அருங்காட்சியகம், கோவிந்த்கர் கோட்டை, துர்கியானா கோயில், ராம் தீர்த்தம், வாகா என்று ஏழு இடம் காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். முடியுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

ஏழு இடத்திலும் இறங்கி ஏறலாம், பார்க்க முடியாது. அந்த ஊரில் ஒரு நாளை இரண்டு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஒன்று, பொற்கோயிலின் உள்ளே போக நிற்கும் வரிசை. இன்னொன்று, எல்லையில் மாலை அணிவகுப்பு தொடங்கும் நேரம். முதலாவது எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது உங்களுக்காகக் காத்திருக்காது. பட்டியலில் மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பொருந்த வேண்டும்.

பெரும்பாலான ஏஜென்ட்டுகள் காலை 9 மணிக்கு ஓட்டலில் ஏற்றிக்கொண்டு 10 மணிக்குப் பொற்கோயில் வரிசையில் விடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. விடுமுறைக் காலத்தில் அந்த நேரத்து வரிசை இரண்டு மணி நேரத்தையும் தாண்டும். பிறகு மதியச் சாப்பாடு ஓட்டமாகி, ஜாலியன்வாலா பாக் பதினைந்து நிமிடமாகி, எல்லையில் பின்வரிசை இருக்கை கிடைக்கும்.

இடங்களைப் பார்க்கும் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். அதிகாலை 4 மணிக்குக் கோயிலுக்குள் இருங்கள். அகால் தக்த் என்ற சீக்கியத் தலைமைப் பீடத்தில் இரவு வைக்கப்பட்டிருந்த, சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பைப் பல்லக்கில் பொற்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வது அந்த நேரத்தில்தான். கோடையில் 4 மணி வாக்கிலும் குளிர்காலத்தில் 5 மணி வாக்கிலும் நடக்கும். தரிசனம், லங்கர் என்ற இலவசப் பொதுச் சாப்பாடு இரண்டையும் முடித்து 9 மணிக்கு ஜாலியன்வாலா பாக். 10 மணிக்கு மேல் டவுன் ஹாலில் இருக்கும் பிரிவினை அருங்காட்சியகம். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் பயண நாளை அதற்கேற்ப வையுங்கள். மதியம் அறையில் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, எல்லைக்குப் புறப்படுங்கள். இரவு திரும்பி வந்து விளக்கொளியில் பொற்கோயிலை இன்னொரு முறை பாருங்கள். கோட்டை, துர்கியானா, ராம் தீர்த்தம் மூன்றையும் அன்றைய கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். துர்கியானா ஊருக்குள்ளேயே இருப்பதால், மறுநாள் ரயிலுக்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் போய்வரலாம். குளத்தின் நடுவே பொற்கோயிலின் சாயலில் கட்டிய லட்சுமி நாராயணர் கோயில் அது. வெள்ளிக் கதவுகள் பார்க்க வேண்டியவை.

முழுநாள் வாடகை வண்டி பேசும்போது எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?
– வாசகர், தருமபுரி

முழுநாள் வண்டி தேவையா என்பதையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொற்கோயில், ஜாலியன்வாலா பாக், டவுன் ஹால் மூன்றும் ஒரே தெருவை ஒட்டியவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பத்து நிமிட நடை போதும். டவுன் ஹாலிலிருந்து கோயில் வரையிலான பாரம்பரியத் தெருவில் கார் போகாது. எவ்வளவு பெரிய வண்டி பிடித்தாலும் சாராகடி வாகன நிறுத்தம் போன்ற இடத்தில் விட்டு நடக்கத்தான் வேண்டும். கோயிலுக்கு அருகில் அறை எடுத்தால் காலை முழுக்க வண்டியே வேண்டாம். காலைக்கு ஒரு வழிகாட்டி, மதியத்துக்குமேல் ஒரு கார் என்று பிரித்துப் பேசுவது செலவும் குறைவு, நிம்மதியும் அதிகம்.

முழுநாள்தான் என்றால், உள்ளூர் வாடகை பெரும்பாலும் '8 மணி நேரம், 80 கிலோமீட்டர்' என்ற கணக்கில் இருக்கும். அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்கு முடியும் நாள் 17 மணி நேரம். எல்லைக்குப் போய்வரவே 60 கிலோமீட்டர் ஆகிவிடும். கூடுதல் மணிக்கு எவ்வளவு, கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங் யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. கிலோமீட்டர் கணக்கு உங்களை ஏற்றிக்கொண்ட இடத்திலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா என்பதையும் கேளுங்கள்.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம்: பொற்கோயிலில் டிக்கெட் கிடையாது, காசு கொடுத்து முன்னால் போகும் தரிசனமும் கிடையாது. சிறப்புத் தரிசனம் என்று யாராவது தொகை சேர்த்திருந்தால் அந்த ஆளையே விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது, முட்டி வலி. அவ்வளவு நேரம் நிற்க முடியுமா?
– வாசகி, பாலக்கோடு

சிரமம் நிற்பதில் மட்டும் இல்லை. வெறுங்காலில் பளிங்கில் நடப்பதிலும் இருக்கிறது. காலுறைகூடக் கூடாது. நுழைவாயிலில் காலை நனைத்துச் செல்லும் சின்ன நீர்த்தொட்டி இருக்கிறது. டிசம்பரில் அந்தத் தண்ணீர் ஐஸ். துடைக்க ஒரு சின்னத் துண்டு கையில் இருக்கட்டும். மே, ஜூனில் நேர் எதிர். பளிங்கு கொதிக்கும், விரித்திருக்கும் விரிப்பை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். நுழைந்தவுடன் படிக்கட்டு கீழே இறங்கும். கோயில் சுற்றுத்தரையைவிடத் தாழ்வாக அமைந்திருப்பது பணிவைக் குறிக்க என்பார்கள். ஈரமான படி வழுக்கும், அம்மாவின் கையை விடாதீர்கள்.

சக்கர நாற்காலி கிடைக்கும். நுழைவாயிலில் நீல, காவித் தலைப்பாகையோடு நிற்கும் சேவாதாரிகளிடம் (கோயில் தொண்டர்கள்) கேளுங்கள். முதியவர்களைத் தனியாக உள்ளே அனுப்பவும் அவர்கள்தான் உதவுவார்கள். கருவறையில் தரைத்தளத்தில் தரிசனம் முடித்தாலே போதும். மேல்தளங்களுக்குப் போகும் படி குறுகலானது, அதில் அம்மாவை ஏற்ற வேண்டாம். அதிகாலைக் குளிர் தாங்காது என்றால் இரவு 9 மணிக்குமேல் வரிசை குறையும்போது அழைத்துப் போகலாம்.

வரிசையில் நிற்கவே முடியாவிட்டாலும் குறையில்லை. குளத்தைச் சுற்றியுள்ள பரிக்கிரமாவில் எங்கே உட்கார்ந்தாலும் உள்ளே பாடும் கீர்த்தனம் ஒலிபெருக்கியில் கேட்கும். அங்கே மூன்று பழைய இலந்தை மரங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் நிழலில் அமர்ந்துதான் பாபா புட்டா குளம் வெட்டும் வேலையை மேற்பார்த்தார் என்பது சீக்கியர் மரபு. 1604இல் ஆதி கிரந்தம் (குரு கிரந்த சாகிப்பின் முதல் வடிவம்) கோயிலில் வைக்கப்பட்டபோது முதல் கிரந்தியானவரும், அதாவது அந்த நூலை ஓதும் பொறுப்பை ஏற்றவரும், அவரே. அந்தப் பக்கமாக உட்கார வையுங்கள்.

பூ, தேங்காய் கொண்டு போகலாமா? வேட்டி கட்டலாமா?
– வாசகர், அரூர்

தேங்காய், கற்பூரம், அர்ச்சனை எதுவும் அங்கே வழக்கமில்லை. சிலையும் இல்லை, வணங்கப்படுவது 1,430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த சாகிப். அதில் குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாஸ், பாபா பரீத் போன்றவர்களின் பாடல்களும் இருக்கின்றன. நான்கு திசையிலும் வாசல் வைத்த கோயிலுக்குள் இந்த நூல் இருப்பதன் பொருளை வழிகாட்டியிடம் கேட்டு நின்று தெரிந்துகொள்ளுங்கள். தங்கத் தகடு எத்தனை கிலோ என்பதைவிட அது முக்கியம். தங்கம் மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஊரை நிறுவியவர் நான்காம் குரு ராம்தாஸ், கோயிலைக் கட்டியவர் ஐந்தாம் குரு அர்ஜன்.

காணிக்கையாகக் கடா பிரசாதம் வாங்கலாம். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவில் கிளறியது. தொன்னையில் தருவதில் ஒரு பங்கை சேவாதார் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். எடுத்தது எல்லாருக்கும் பகிரப்படும். பிரசாதத்தை இரு கையையும் சேர்த்துக் குவித்து வாங்க வேண்டும். நெய் வழியும், பட்டுச்சேலை கவனம்.

வேட்டி தாராளமாகக் கட்டலாம், மடித்துக் கட்டக் கூடாது. தலை கட்டாயம் மூடியிருக்க வேண்டும். தொப்பி போதாது, நம் ஊர்ப் பருத்தித் துண்டை இறுக்கிக் கட்டினால் நன்றாக நிற்கும். பெண்களுக்குச் சேலைத் தலைப்பு நழுவிக்கொண்டே இருக்கும், தனியாக ஒரு பருத்தி துப்பட்டா எடுத்துச் செல்லுங்கள். பீடி, சிகரெட், ஹான்ஸ் பாக்கெட் எதுவும் பையிலோ சட்டையிலோ இருக்கவே கூடாது. குளத்தில் கால் தொங்கவிட்டு உட்காருவதும், கருவறைக்குள் படம் எடுப்பதும் தவறு.

லங்கரில் சாப்பிட யாரிடம் சொல்ல வேண்டும்?
– வாசகி, ஓசூர்

யாரிடமும் வேண்டாம். இரவு பகல் எந்நேரமும் உண்டு. வாசலில் தட்டு, கிண்ணம், கரண்டி கையில் தருவார்கள். வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும். பருப்பு, ரொட்டி, காய், பெரும்பாலும் பால் பாயசம். ரொட்டியைத் தட்டில் போட மாட்டார்கள். இரண்டு கையையும் விரித்து நீட்டினால் கையில் வைப்பார்கள். புதியவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்து ரொட்டி தாண்டிப் போய்விடும். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், மிச்சம் வைப்பது மட்டும் மரியாதையில்லை. வெளியே வந்ததும் பூண்டு உரிக்கும் இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். அனுமதி கேட்க வேண்டாம், மொழியும் வேண்டாம்.

ஜாலியன்வாலா பாக்கில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பூங்காதானே என்கிறார்கள்.
– வாசகர், பாப்பாரப்பட்டி

உங்கள் ஊர்க்காரர் அப்படிக் கேட்கலாமா! சுப்பிரமணிய சிவா பாரதமாதா கோயிலுக்கு உங்கள் ஊரில் அடிக்கல் நாட்ட அழைத்தது சித்தரஞ்சன் தாஸை. அதே தாஸ், பஞ்சாப் படுகொலையை விசாரிக்கக் காங்கிரஸ் அமைத்த குழுவில் காந்தியோடு இருந்தவர்.

1919 ஏப்ரல் 13, பைசாகி என்ற அறுவடைத் திருநாள். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயர் படையோடு நுழைந்த அந்தக் குறுகிய சந்து வழியாகத்தான் நீங்களும் நுழைவீர்கள். அகலத்தைக் கையால் அளந்து பாருங்கள். மற்றச் சுற்றுப்புறம் வீட்டுச் சுவர்கள். சுட்டது 1,650 தோட்டாக்கள். இறந்தவர்கள் 379 என்றது அரசு. ஆயிரத்துக்கும் மேல் என்றது காங்கிரஸ். சுவரில் தோட்டா பாய்ந்த இடங்களைக் கட்டம்போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தப்பிக்க மக்கள் குதித்த கிணறு கண்ணாடிக்குள் இருக்கிறது. 2021இல் புதுப்பித்தபோது சந்தின் இரு பக்கமும் சிற்பங்கள் வைத்தார்கள். பழைய வெறுஞ்சுவரின் கடுமையை அது குறைத்துவிட்டது என்பது எங்கள் கருத்து. ஆகவே சிற்பங்களைப் படம் எடுப்பதில் நேரம் போக்காமல் சுவரிடம் போங்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள்.

வாகா எல்லைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?
– வாசகர், ஊத்தங்கரை

நீங்கள் போவது அட்டாரி. வாகா என்பது எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊர். தூரம் சுமார் 30 கிலோமீட்டர், தருமபுரி – கிருஷ்ணகிரி தூரத்தைவிடக் குறைவு. ஆனால் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் திரும்பும். கொடியிறக்கம் சூரியன் மறைவதை ஒட்டி நடப்பதால் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். குளிர்காலத்தில் மாலை 4 மணி சுமாருக்கே தொடங்கிவிடும், கோடையில் 6 மணிக்குமேல். தொடங்கும் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஊரை விட்டுக் கிளம்புங்கள். வண்டி நிறுத்தத்திலிருந்து நடையும் இரண்டு மூன்று சோதனையும் உண்டு.

கைப்பை, முதுகுப்பை, பவர் பேங்க் அனுமதி இல்லை; வண்டியிலேயே விட்டுவிடுங்கள். ஆதார் அட்டை அசலை எடுத்துப் போங்கள். இருக்கை முன்பதிவு எல்லைப் பாதுகாப்புப் படையின் இணையதளத்தில் இலவசம்; அதற்குப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். 2025 மே மாதத்துக்குப் பிறகு கதவு திறப்பதும் கைகுலுக்குவதும் இல்லாமல் நிகழ்ச்சி சுருக்கப்பட்டது. எல்லைப் பதற்றத்தில் முழுவதும் நிறுத்தப்படுவதும் உண்டு. அன்று காலை ஓட்டலில் கேட்டுவிட்டே வண்டிக்கு முன்பணம் கொடுங்கள். மதியம் வெண்ணெய் மிதக்கும் குல்சாவும் பெரிய டம்ளர் லஸ்ஸியும் சேர்த்து அடித்தவர்கள் அங்கே போய்த் தூங்குகிறார்கள். இரண்டில் ஒன்றைக் காலைக்கு மாற்றுங்கள்.

எந்த மாதம் நல்லது? எப்படிப் போவது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

அக்டோபர் பின்பாதி முதல் நவம்பர் வரை, அடுத்து பிப்ரவரி, மார்ச். டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் மூடுபனிக் காலம். ரயில் பல மணி நேரம் தாமதமாகும், விமானம் ரத்தாகும். அந்த மாதம்தான் முடியும் என்றால், திரும்பும் பயணத்துக்கு முன் ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். தீபாவளி, பைசாகி, குரு நானக் ஜெயந்தி நாட்களில் அலங்காரம் அழகு, வரிசையோ பல மடங்கு.

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லாததால் பெங்களூரு வழியே எளிது. தேவனஹள்ளி விமான நிலையம் பெங்களூருக்கு அந்தப் பக்கம், நகரத்தைத் தாண்ட வேண்டும். விமான நேரத்துக்கு 6 மணி நேரம் முன்னால் புறப்படுங்கள். டெல்லியிலிருந்து அமிர்தசரஸுக்குச் சதாப்தி ரயிலில் சுமார் 6 மணி நேரம்.

இரண்டாம் நாள் கிடைத்தால்?
– வாசகி, பென்னாகரம்

அப்போதுதான் முழுநாள் வண்டி உண்மையில் பயன்படும். தரண் தாரண் குருத்வாரா சுமார் 25 கிலோமீட்டர். குரு அர்ஜன் நிறுவியது, பரந்த குளம். நான்கு கோபுரங்கள் திட்டமிட்டு ஒன்றுதான் எழுந்தது. அங்கிருந்து கோயிந்த்வால், மூன்றாம் குரு அமர்தாஸ் அமைத்த, 84 படி இறங்கும் கிணறு. படிக்கு ஒரு முறை ஜப்ஜி சாகிப் என்ற பிரார்த்தனையை ஓதுபவர்களை வழிமறிக்காமல் ஓரமாக இறங்குங்கள். பக்கத்திலேயே குரு அங்கத் வாழ்ந்த கடூர் சாகிப். மூன்று இடத்திலும் லங்கர் உண்டு, சாப்பாட்டைத் தேடி வண்டியைத் திருப்ப வேண்டாம்.

புல்காரி துப்பட்டா கைவேலையா, மெஷினா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, மத்தூர்

திருப்பிப் பாருங்கள். புல்காரி என்பது பஞ்சாபின் பூத்தையல். கைப்புல்காரியில் துணியின் பின்பக்கத்திலிருந்து இழை எண்ணித் தைப்பார்கள். பின்புறம் சின்னச் சின்னப் புள்ளிபோலத் தையல் தெரியும், முன்புறம் நீளமான பட்டு இழை படுத்திருக்கும். பின்பக்கம் முழுக்க வேறு நிற நூல் அடர்த்தியாகப் பின்னியிருந்தால் அது மெஷின்.